சாட்சி மண்ணு

தம்பி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கமா வெச்சுக்கங்க. பையை மிதிச்சிருவீங்க. உள்ள பெருசா ஒண்ணும் இல்லீங்க, மண்ணுதான். ரெண்டு பையிலயும் மண்ணுதான். ஆனா என் தோப்பு பொழைக்கிறதும் பொழைக்காததும் இப்ப அந்த ரெண்டு பையிலதான் இருக்குது.

நீங்க எதுவரைக்கும்? நெல்லிமேடா? நல்லதாப் போச்சுங்க. நான் அதுக்கு அடுத்த ஸ்டாப்பு. நெல்லிமேட்டுல எறங்க மாட்டேன். அதுக்கு ஒரு காரணம் இருக்குது, சொல்றேன். அதென்ன, சட்டைப் பையில பச்சையா நீட்டிக்கிட்டு இருக்குதே, மண்வள அட்டைதானே? குடுங்க பாப்போம். கள்ளிவலசு. அட, நம்ம லிமிட்டுங்க. கீழ வலது ஓரத்துல கோழி சீச்ச மாதிரி ஒரு கையெழுத்து இருக்குதா? அது நான்தான். திருமூர்த்தி. மண் பரிசோதனை நிலையத்துல பதினோரு வருசம் அதிகாரியா இருந்தனுங்க. போன சித்திரையில ரிட்டையர்டு ஆயிட்டேன்.

பொட்டாஷ் வாங்கத்தான் சொசைட்டிக்குப் போறீங்களா? சரி சரி. அட்டையில பொட்டாஷ் கம்மின்னு போட்டிருந்தா போட்டுத்தான் ஆகோணும். இந்தாங்க, பத்திரமா வெச்சுக்கங்க.

உங்களப் பாத்தா வெவரமான ஆளாத் தெரியுது. அதனால ஒரு நியாயம் கேக்கறேன். ஒரு ஆபீசு இன்னொரு ஆபீசை ஏமாத்தலாமுங்களா? அதுவும் மண்ணை வெச்சு? படிச்சவங்க, பெரிய எடத்துல ஒக்காந்திருக்கறவங்க, பொட்டலத்து மேல ஒண்ணை எழுதி உள்ள வேற ஒண்ணை வெக்கலாமுங்களா? ரெண்டு வருசமா எனக்கு இதே நெனப்புதான். எங்க ஊட்டுல இந்தப் பேச்சை எடுத்தாலே ஊட்டுக்காரி எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருது. நீங்க போக முடியாது, சன்னல் பக்கம் ஒக்காந்துட்டீங்க.

முதல்ல இருந்து சொல்றேன். எங்க லேப்புல வருசத்துக்குப் பத்தாயிரம் மாதிரி பாக்கோணும்னு டார்கெட்டு. ஆளு நாலு பேரு, அதுல ஒருத்தரு எப்பவும் லீவு. மெசினு ரெண்டு, அதுல ஒண்ணு எப்பவும் ரிப்பேரு. பத்தாயிரத்தை எப்படிப் பாப்பீங்க? நான் பாத்தனுங்க. ஒரு வருசம் கூட கொறைச்சதில்ல. ஒரு ஊருல பத்து மண்ணை அளந்துட்டா மீதி நூறுக்கும் அதையே கொஞ்சம் முன்னப்பின்னப் போட்டுக்கலாம். ஒரே ஊரு மண்ணுதானே, ஆளுக்கொரு மாதிரியா இருந்துறப் போகுது? எங்க லேப்பை மாவட்டத்துல மூணு தடவை மேடையில ஏத்திப் பொன்னாடை போத்துனாங்க. மூணு பொன்னாடையும் பீரோவுல இருக்குது.

அப்படிப் போயிட்டிருந்த எடத்துலதான் ஜெசிந்தான்னு ஒரு புள்ள வந்து சேந்துச்சு. திருநெல்வேலிப் பக்கம். முப்பது முப்பத்திரெண்டு வயசு இருக்கும். கெமிஸ்ட்ரி நல்லாப் படிச்ச புள்ள. படிச்சதை மறக்கவும் தெரியல, அதுதான் சங்கடம். வந்த மூணாவது நாளு ஒரு ஊறுகாய் ஜாடி நிறைய மண்ணைக் கொண்டாந்து மேசையில வெச்சுது. என்ன அம்மிணி இதுன்னு கேட்டேன். சாட்சி மண்ணுன்னு சொல்லுச்சு.

அதாவதுங்க, அந்த ஜாடி மண்ணுல எவ்வளவு சத்து இருக்குதுன்னு நல்லாத் தெரியுமாம். நல்ல லேப்பு ரெண்டு மூணுல குடுத்து அளந்து வெச்சிருக்குதாம். தெனமும் இருபது மண்ணு அளக்கறப்ப, நடுவுல ஒண்ணா இந்த மண்ணையும் வெக்கோணுமாம். ஜாடி மண்ணுக்கு வர வேண்டிய நம்பரு வந்தா அன்னைக்கு அளந்த அத்தனையும் சரி. வரலீன்னா அன்னைக்கு அளந்த அத்தனையும் தப்பு, திரும்ப அளக்கோணும். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. வாயில்லாத மண்ணு வந்து என் லேப்புக்குச் சாட்சி சொல்லுமாம். நான் இருக்கறப்ப ஊறுகாய் ஜாடி எதுக்குங்க சாட்சிக்கு?

அதோட உட்டுதா? செவுத்துல ஒரு கட்டம் போட்ட பேப்பரை ஒட்டுச்சு. மேல ஒரு செவப்புக் கோடு, கீழ ஒரு செவப்புக் கோடு. தெனமும் சாட்சி மண்ணோட நம்பரை அதுல ஒரு புள்ளியா வெக்கும். புள்ளி ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிக்கோணுமாம். வெளிய இருந்து வர்றவங்க எல்லாம் பாத்துட்டு, லேப்பு முன்னேறியிருக்குதுன்னு சொன்னாங்க. சரி, பாக்க லட்சணமா இருக்குதுன்னு நானும் உட்டுட்டேன். அங்கதான் தப்புப் பண்ணுனேன்.

ஒரு மாசம் போச்சு. பொட்டாஷ் பேப்பருல புள்ளி படிக்கட்டு எறங்கற மாதிரி எறங்கிக்கிட்டே வருது. ஒரு நாளு செவப்புக் கோட்டைத் தாண்டிக் கீழ போயிருச்சு. அந்தப் புள்ள என்னமோ ஊட்டுல எழவு உழுந்த மாதிரி ஓடி வந்து நிக்குது. என்னன்னு கேட்டா, மெசினைச் சரி பாக்கறதுக்குன்னு ஒரு பாட்டில் தண்ணி இருக்குதுங்க, ஸ்டாண்டர்டுன்னு சொல்லுவோம். அதுல இவ்வளவு பொட்டாஷ் இருக்குதுன்னு லேபிள்ல எழுதியிருக்கும். அந்த பாட்டிலைக் காட்டித்தான் மெசினுக்கு இதுதான் நூறுன்னு சொல்லிக் குடுக்கறது. அந்த பாட்டில் மூடி லூசாம். ரெண்டு கோடைக்குத் தண்ணி ஆவியாப் போயிப் போயி உள்ள இருக்கறது கெட்டியாயிருச்சாம். அதை நூறுன்னு நம்பற மெசினு, வர்ற மண்ணையெல்லாம் கம்மி கம்மின்னு காட்டுதாம். ஊரு ஊரா எல்லாரையும் பொட்டாஷ் போடுங்க பொட்டாஷ் போடுங்கன்னு நாம சொல்லிக்கிட்டு இருக்கறது பூராத் தப்பாம்.

நான் சொன்னனுங்க, போட்டா என்ன கெட்டுப் போச்சு, சத்துதானே, வெசமா? அளவு மிஞ்சுனா மத்த சத்தை வேரு எடுக்க விடாது சார்னு அந்தப் புள்ள சொன்னதை நான் காதுலயே போட்டுக்கல.

பாட்டிலைக் கீழ ஊத்திட்டுப் புதுசு கரைச்சு வெக்கோணும்னு ஒரே பிடி. ஏனுங்க தம்பி, நீங்களே சொல்லுங்க. அந்த பாட்டில் ஸ்டாக் ரெஜிஸ்டருல இருக்குது. முந்தின ஆபீசரு கையெழுத்துப் போட்டு லேபிள் ஒட்டியிருக்காரு. அதைக் கீழ ஊத்தோணும்னா கழிவு செய்யறதுக்கு மேல எழுதோணும், கமிட்டி வரோணும், மூணு பேரு பாத்து, ஆமா இது தண்ணிதான்னு கையெழுத்துப் போடோணும். ஆடிட்டுல வந்து பாட்டில் எங்கன்னு கேட்டா, அந்தப் புள்ளயா பதில் சொல்லும்? நான் முடியாதுன்னுட்டேன். அதுவே ஒரு லீவு நாளுல வந்து புதுசாக் கரைச்சுத் தன்னோட மேசைக்குன்னு தனியா ஒரு பாட்டில் வெச்சுக்கிச்சு. எங்க மேசைக்குப் பழைய பாட்டிலு, அதுக்குப் புது பாட்டிலு. ஒரு ஊட்டுல ரெண்டு அடுப்பு. நல்லதுக்கா? அட்டையில ஏறுனது எங்க மேசை நம்பருதான், அது வேற.

இப்ப வெவகாரத்துக்கு வர்றேன். வருசத்துக்கு ஒரு தடவை மேல இருந்து எல்லா லேப்புக்கும் ஒரு பொட்டலம் வரும். நாங்க பரீட்சைப் பொட்டலம்னு சொல்லுவோம். காஞ்ச மண்ணு, நல்லாச் சலிச்சு, சின்னக் கவருல. ஒரே மண்ணை எல்லா லேப்புக்கும் பங்கு போட்டு அனுப்பறது. எல்லாரும் அளந்து நம்பரை எழுதி அனுப்போணும். யாரு ஒழுங்கா அளக்கறாங்க, யாரு அளக்கறதில்லன்னு அதுல தெரிஞ்சு போயிரும்னு அவுங்க நெனப்பு.

எங்க வட்டாரத்துல அஞ்சு லேப்பு. அஞ்சு ஆபீசரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. போனுல ஒரு குரூப்பு வெச்சிருந்தோம், அஞ்சு விரலுன்னு பேரு. நான்தான் வெச்சேன். பொட்டலம் வந்துச்சுன்னா ஒட்டுக்கா பேசிக்குவோம். ஒருத்தரு ஒரு நம்பரைச் சொல்லுவாரு, மத்தவங்க அதுலயே ஒண்ணு கூட்டி, ஒண்ணு கொறைச்சு எழுதிக்குவோம். அப்படியே எழுதக் கூடாதுங்க, காப்பி அடிச்ச மாதிரித் தெரிஞ்சிரும். அதுல ஒரு கை வேணும். நூத்தி எம்பத்தாறுன்னா நான் எம்பத்தேழுன்னு போடுவேன், இன்னொருத்தரு எம்பத்தஞ்சு புள்ளி நாலுன்னு போடுவாரு. அந்தப் புள்ளி நாலு இருக்குது பாருங்க, அதுதான் அனுபவம். எங்க வட்டாரத்துல வந்த நம்பரோட சராசரியைத்தான் அப்பெல்லாம் சரியான விடைன்னு வெச்சுக்குவாங்க, அதனால எட்டு வருசம் அஞ்சு லேப்பும் பாஸு. ஒத்துமைங்க. வேறென்ன?

அந்த வருசம் நம்பரு சொன்னவரு குழந்தைசாமி. வடக்க ஒரு லேப்புல ஆபீசரு. சாதுவான மனுசன், குரூப்புல காலை வணக்கம் தவிர ஒண்ணும் போட மாட்டாரு. திடீர்னு ஒரு நாளு, பொட்டாஷ் நூத்தி எம்பத்தாறுன்னு போட்டாரு. நாங்க நாலு பேரும் கும்பிடு போட்டுட்டு எழுதிக்கிட்டோம்.

ஆனா எனக்குத் தெரியாம ஜெசிந்தா அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சு அளந்திருக்குது. பரீட்சைப் பொட்டலத்தைப் போயி யாராச்சும் அளப்பாங்களா? அளந்து, நோட்டுல எழுதி, என் மேசைக்கு வந்து சொல்லுது, முன்னூத்திப் பதினெட்டுன்னு. நான் போய்த் திரும்ப அளந்துட்டு வான்னேன். போயிட்டு வந்து முன்னூத்திப் பதினாறுன்னுச்சு. மூணாந்தடவை அனுப்புனேன். சாட்சி மண்ணையும் பக்கத்துல வெச்சு அளந்துட்டு வந்து, முன்னூத்திப் பதினெட்டுதான் சார்னு சொல்லுச்சு. எவ்வளவு பிடிவாதம் பாருங்க.

பொறுமையாத்தான் சொன்னேன். "அம்மிணி, நாலு பேரு நூத்தி எம்பதுன்னு சொல்றப்ப நீ ஒருத்தி மட்டும் முன்னூறுன்னு சொன்னா, யாரு தப்புன்னு நெனைப்பாங்க?"

"மண்ணுல எவ்வளவு இருக்குன்னுதான் சார் கேட்டிருக்காங்க. நாலு பேரு என்ன நெனைக்கிறாங்கன்னு கேக்கலயே."

வாயைப் பாத்தீங்களா? நூத்தி எம்பத்தேழுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். போட்டது என் கையெழுத்து. இப்ப உங்க அட்டையில இருக்கற அதே கையெழுத்துதான்.

ரெண்டு மாசம் கழிச்சு ரிசல்ட் வந்துச்சு. நம்பரா ஒரு பட்டியலு. லேப்பு பேரு, பக்கத்துல இசட் ஸ்கோருன்னு ஒரு கட்டம். எட்டு வருசமாப் பாஸுன்னு மட்டுந்தான் பாப்பேன், அந்தக் கட்டத்தை எல்லாம் எவன் பாத்தான்? அன்னைக்குப் பாத்தேன். குழந்தைசாமிக்குப் பூஜ்ஜியம் புள்ளி ஒண்ணு. எனக்குப் பதினொண்ணு. மனுசன் ஒழைச்சதுக்குக் கெடச்ச மரியாதைன்னு எனக்குக் கண்ணே கலங்கிருச்சுங்க. பாவம் குழந்தைசாமி, பூஜ்ஜியத்தோட நிக்கறாரேன்னு நெனச்சேன். உடனே ஆளை அனுப்பி மைசூர்பாகு வாங்கியாரச் சொன்னேன். லேப்பு பூராக் குடுத்தேன், பக்கத்து ஆபீசுக்கும் குடுத்தேன். ஜெசிந்தாவுக்கு நானே கொண்டு போய் நீட்டுனேன். அது பட்டியலைப் பாத்துச்சு, மைசூர்பாகைப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு. அப்பறம் மெதுவா, "சார், அது சரியான விடையில இருந்து எவ்வளவு தள்ளியிருக்கோம்னு காட்டற நம்பரு, ரெண்டுக்குள்ள இருந்தாத்தான் பாஸு, மூணைத் தாண்டுனா பெயிலு"ன்னு சொல்லுச்சு.

பதினொண்ணுக்கு முன்னால ஒரு சின்னக் கோடு இருந்துச்சுங்க. நான் சும்மா கோடுன்னு நெனச்சேன். மைனஸாம்.

சரி, பெயிலு கெடக்கட்டும். ஏன் பெயிலுன்னு கேளுங்க. அங்கதான் துரோகம் இருக்குது. அவுங்க அந்த வருசம் அஞ்சு பொட்டலத்துலயும் ஒரே மண்ணை வெக்கல. அஞ்சு பொட்டலத்துக்கும் அஞ்சு மண்ணு. மேல லேபிளு மட்டும் ஒண்ணு. என்னோட பொட்டலத்துல நெசமாவே முன்னூத்திப் பதினெட்டுக்குப் பக்கத்துல இருந்திருக்குது. இன்னொருத்தரோடதுல தொண்ணூறு, இன்னொருத்தரோடதுல நானூத்திச் சொச்சம். நாங்க அத்தனை பேரும் நூத்தி எம்பத்தஞ்சு, எம்பத்தாறு, எம்பத்தேழுன்னு வரிசையா எழுதி அனுப்பியிருக்கோம். அடியில ஒரு வரி எழுதியிருந்தாங்க: ஐந்து வெவ்வேறு மண்களுக்கு ஐந்து நிலையங்களும் ஒரே விடையை அளித்துள்ளன, இது ஆய்வுக்குரியது. நக்கலைப் பாத்தீங்களா?

லேபிள்ல ஒண்ணு, உள்ள ஒண்ணு. இதுக்குப் பேரு என்னங்க? ஒரு கடைக்காரன் பண்ணுனா கேஸ் போடுவோம்ல? எங்களை நம்பி அனுப்புனா நாங்க நம்பி எழுதறோம். சந்தேகப்பட்டு அனுப்புனா அப்பறம் எதுக்கு அனுப்பறது?

அதை உட எனக்குப் பொறுக்காதது குழந்தைசாமி. அந்தாளோட பொட்டலத்துல நெசமாவே நூத்தி எம்பத்தாறு இருந்திருக்குது. போன் பண்ணி, எப்படீங்க உங்களுக்கு மட்டும் கரெக்டா வந்துச்சுன்னு கேட்டேன். "நான் அளந்துதானுங்க சொன்னேன்" அப்படீங்கறாரு, கூச்சமே இல்லாம. எட்டு வருசமா ஒண்ணா இருந்துக்கிட்டு, இந்தத் தடவை நான் அளக்கப் போறேன்னு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லக் கூடாதா? குரூப்பைக் கலைச்சுட்டேன்.

பொறவு மேல இருந்து ஜே.டி., அதாவது இணை இயக்குநரு, விசாரணைக்கு வந்தாரு. எனக்கு ரிட்டையர்மெண்டுக்கு ஒரு வருசங்கூட இல்ல. யாரு அளந்ததுன்னு கேட்டாரு. லேப்புல அளக்கறது ஜெசிந்தாதானுங்கன்னு சொன்னேன். பொய்யுங்களா? இல்லையே. அதுதானே அளந்துச்சு. அந்தப் புள்ள நோட்டைக் கொண்டாந்து நீட்டுச்சு. முன்னூத்திப் பதினெட்டு, பதினாறு, பதினெட்டு, தேதி போட்டு, நேரம் போட்டு, பேனாவுல. ஜே.டி. ஒவ்வொரு தேதியா வெரலை வெச்சுப் படிச்சாரு. சட்டுன்னு ரோசனை வந்து சொன்னேன், அய்யா, இது சொந்த நோட்டு, ரெஜிஸ்டர் இல்லைங்க, பக்கத்துக்கு நம்பரு போட்டு நான் சீல் வெச்சது இல்லைங்கன்னு. சட்டப்படி அது செல்லாதில்லீங்களா? அவரும் பெருமூச்சு உட்டுட்டு மூடி வெச்சுட்டாரு. அவருக்கும் அதுதான் சௌகரியம்.

நிர்வாகக் காரணத்தை முன்னிட்டுன்னு ஆர்டர் வந்துச்சு. அந்தப் புள்ளயை நெல்லிமேட்டு லேப்புக்கு மாத்திட்டாங்க. அப்ப அது ஒரு பழைய கட்டடங்க, மழை வந்தா மேசையை நகத்தோணும். போற அன்னைக்கு அந்தப் புள்ள சண்டை போடல, அழுவல. ஜாடியைத் துணியில சுத்திக் கையில எடுத்துக்கிச்சு. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, "அந்த பாட்டில மட்டும் மாத்திருங்க சார்"னு சொல்லிட்டுப் போச்சு.

நான் மாத்தலீங்க. ரிட்டையர்டு ஆகறப்ப ஸ்டாக் சரியா ஒப்படைக்கோணும்ல. பாட்டில் இன்னமும் அங்கதான் இருக்குது. செவுத்துல இருந்த பேப்பரை மட்டும் எடுத்துட்டு அந்த எடத்துல காலண்டர் மாட்டுனோம். அதுக்கப்பறம் லேப்பு நிம்மதியா ஓடுச்சு. எனக்கு நடந்த பிரிவு உபசார விழாவுல பேசுனேன், பதினோரு வருசத்துல ஒரு விவசாயி கூட ரிசல்ட் தப்புன்னு என் வாசல்ல வந்து நின்னதில்லன்னு. கைதட்டு அடங்க ரெண்டு நிமிசம் ஆச்சு.

டீக்கு நிறுத்தறானா? இல்ல, ஆளு ஏத்தறான். ஒக்காருங்க.

இப்ப இந்த மண்ணு கதைக்கு வர்றேன். எனக்குன்னு இருக்கறது ரெண்டு ஏக்கரு தோப்பு. நூத்தி நாப்பது தென்னை. புள்ளைங்க வெளிய போயிட்டாங்க, எனக்கும் ஊட்டுக்காரிக்கும் இனி பேச்சுத் துணைக்குக் கூட அதுதான். சர்வீஸ்ல இருக்கறப்பவே அந்தத் தோப்புக்கும் அட்டை போட்டோம், எங்க லேப்புலயே. அதிகாரி தோப்புன்னு முதல் ஆளாப் போட்டுக் குடுத்தாங்க. பொட்டாஷ் மிகக் குறைவுன்னு வந்துச்சு. நம்ம அட்டையை நாமளே மதிக்கலீன்னா எப்படின்னு, அட்டையில போட்டிருந்ததை ஒரு புடி கூட கொறைக்காமப் போட்டனுங்க. மூணு வருசமாப் போடறேன்.

போன ஐப்பசியில இருந்து அடிமட்டை பூரா மஞ்சளடிக்குது. நுனியில ஆரம்பிச்சு ஓலை ஓலையாக் காயுது. பிஞ்சுக் குரும்பை நிக்க மாட்டேங்குது. காலையில போனா மரத்தடி பூராக் கொட்டிக் கெடக்குது, சுண்டைக்காயைக் கொட்டி வெச்ச மாதிரி. சத்துப் பத்தலயோன்னு இன்னும் ஒரு பங்கு பொட்டாஷ் சேத்துப் போட்டேன். இன்னும் மஞ்சளடிக்குது. எனக்குத் தூக்கம் போச்சுங்க தம்பி. முப்பத்தி மூணு வருசம் விவசாயத் துறையில இருந்துட்டு, சொந்த மரம் எதுக்குச் சாகுதுன்னு சொல்லத் தெரியல. ஊட்டுக்காரி தெனமும் அந்தக் குரும்பையைப் பொறுக்கிக் கூடையில போட்டு என் முன்னால வெக்குது.

மறுபடியும் அட்டை போட்டுக் குடுங்கன்னு எங்க லேப்புலயே குடுத்திருக்கலாம். இப்ப இருக்கற ஆபீசரு என்கிட்ட வேலை பழகுனவருதான், ஓடி வந்து செய்வாரு. குடுக்கலீங்க. ஏன்னா, அது சொந்த மரமுங்க.

நெல்லிமேட்டு லேப்பு ரெண்டு வருசத்துல என்னமோ ஆயிருச்சு. போன ரெண்டு பரீட்சைப் பொட்டலத்துலயும் அவுங்களுக்கு இசட் ஸ்கோரு பூஜ்ஜியத்துல நிக்குதாம். குழந்தைசாமி கூட தன்னோட மண்ணை அங்க குடுத்துச் சரி பாத்துக்கறாருன்னு கேள்விப்பட்டேன். அந்தப் புள்ள போட்ட நம்பருன்னா கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம். அது எனக்குத் தெரியுமுங்க. அப்பவும் தெரியும்.

அதனால நேத்து நானே மண்ணு எடுத்தேன். ஆள் உட்டு எடுக்கல. முப்பத்தி மூணு வருசமாக் கூட்டம் போட்டு விவசாயிங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், மேல சருகை ஒதுக்குங்க, வி மாதிரி குழி வெட்டுங்க, பத்து எடத்துல எடுங்க, சாக்குல கொட்டிக் கலக்குங்க, நாலாப் பிரிச்சு எதிரெதிர்ப் பங்கைத் தள்ளுங்கன்னு. நேத்துத்தான் முதல் தடவையா நான் செஞ்சேன். இடுப்பு கழண்டு போச்சு. ஒரு நாளு பூரா ஆயிருச்சுங்க. இவ்வளவு வேலைன்னு யாரும் என்கிட்ட சொல்லவே இல்ல.

நெல்லிமேடு வர இன்னும் ரெண்டு ஸ்டாப்புதானே? சொல்லிர்றேன் கேளுங்க. எனக்காக ஒரு உபகாரம் பண்ணோணும். சொசைட்டிக்கு எதிர்த்தாப்புலயே அந்த ஆபீசு. இந்த ரெண்டு பையையும் அங்க குடுத்துருங்க. யாரு குடுத்தாங்கன்னு கேட்டா பஸ்ஸுல ஒருத்தரு குடுத்தாருன்னு மட்டும் சொல்லுங்க. என் பேரைச் சொல்லிராதீங்க. மூஞ்சியைக் காட்ட முடியாமத்தானே அடுத்த ஸ்டாப்புல போய் எறங்கறேன். பையில பேரெல்லாம் எழுதியிருக்குது. ஒண்ணு மயிலாத்தா, அது எங்க ஊட்டுக்காரி. இன்னொண்ணு சின்னச்சாமி, அது மச்சான். விலாசமும் வேற வேற.

உள்ள வேற வேற மண்ணாவா? இல்லீங்க. ரெண்டும் ஒரே மண்ணு. ஒரே சாக்குல கலக்கி ரெண்டாப் பங்கு போட்டது. நெசமாவே அளந்தா ரெண்டுக்கும் ஒரே நம்பரு வரோணும். வேற வேற வந்துச்சுன்னா அங்கயும் சும்மா எழுதறாங்கன்னு தெரிஞ்சு போயிருமில்ல? யாரா இருந்தாலும் சோதிச்சுப் பாக்காம எப்படீங்க நம்பறது?

இன்னொண்ணு. குடுக்கறதுக்கு முன்னால அந்தப் புள்ள மேசையில ஊறுகாய் ஜாடி ஒண்ணு இருக்குதான்னு பாருங்க. இருந்தாக் குடுங்க. இல்லீன்னா குடுக்க வேண்டாம், சொசைட்டியிலயே வெச்சுட்டுப் போயிருங்க, நான் வந்து எடுத்துக்கறேன்.

என்ன சிரிக்கறீங்க? லேபிள்ல ஒண்ணு உள்ள ஒண்ணு வெச்சு அனுப்பறது துரோகம்னு நான்தான் சொன்னேன். யாரு இல்லைன்னா? அது வேறீங்க தம்பி. அது ஆபீசு. இது என் தோப்பு.

எறங்குங்க எறங்குங்க, நெல்லிமேடு வந்துருச்சு. கண்டக்டரு, சித்த நில்லுங்க, கையில பை இருக்குது. பாத்து, அடி பிஞ்சிறப் போகுது, கீழ கையைக் குடுத்துப் புடிங்க. என்ன கேட்டீங்க? உங்க மண்ணையும் இங்க ஒருக்கா குடுத்துப் பாக்கட்டுமான்னா?

உங்களுக்கு எதுக்குங்க வீண் அலைச்சலு. உங்ககிட்டத்தான் அட்டை இருக்குதே. அதுல என்ன போட்டிருக்குதோ அந்தப் பொட்டாஷையே வாங்கிட்டுப் போங்க. நான் கையெழுத்துப் போட்டதுங்க அது.